அப்பாவிடம் கேட்டோம்

இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிற தங்கச்சிதான் ‘பிளாக்பேர்ட்’ படத்தைப் பார்க்கச் சொன்னாள். “அக்கா, வீட்ல யாரும் இல்லாத நேரமாப் பாரு” என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம் பார்த்தேன். அப்புறம் அதற்கு மூலமான ‘சைலண்ட் ஹார்ட்’ என்ற டேனிஷ் படத்தையும் தேடிப் பிடித்தேன். அது 2014-ல் பில்லே ஆகஸ்ட் எடுத்தது. அதையே 2019-ல் ரோஜர் மிஷெல் ஆங்கிலத்தில் எடுத்திருக்கிறார். இரண்டுக்கும் கதை எழுதியவர் கிறிஸ்டியன் டோர்ப். மூத்த மகளாக நடித்த பாப்ரிகா ஸ்டீனுக்கு டேனிஷ் படத்துக்காக சான் செபாஸ்டியன் விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. எனக்கு மனதில் நிற்பது என்னவோ ஆங்கிலப் படத்தில் அம்மாவாக வரும் சூசன் சரண்டன்தான்.

இனி கதையைச் சொல்லாமல் எழுத முடியாது. படம் பார்க்க நினைப்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

அந்த அம்மாவின் பெயர் லில்லி. அவளுக்கு ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய். ஒரு கை ஏற்கெனவே செயலிழந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் விழுங்க முடியாது, மூச்சு விட முடியாது என்று அவளுக்குத் தெரியும். கணவர் பால் ஒரு டாக்டர். அந்த நிலைமை வருவதற்கு முன்பே, தானே நாள் குறித்து, கணவர் ஏற்பாடு செய்யும் மருந்தைக் குடித்துச் சாவது என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள். அதற்கு முன் கடைசியாக ஒரு வார இறுதி எல்லாரும் கடற்கரை வீட்டில் கூடுகிறார்கள்: இரண்டு மகள்கள், மூத்தவளின் கணவன், பேரன், இளையவளின் துணை, கூடவே லில்லியின் வாழ்நாள் தோழி லிஸ். டிசம்பர் வரை காத்திருக்க முடியாதே என்று கிறிஸ்துமஸை முன்னாலேயே கொண்டாடுகிறார்கள். மரம் வைத்து, விருந்து சமைத்து, லில்லி எல்லாருக்கும் பரிசு கொடுக்கிறாள். எல்லாரும் ஒப்புக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். ஆனால் நேரம் நெருங்க நெருங்க ஒருத்தி மாற்றி ஒருத்தி உடைகிறாள். இளையவள், நான் இன்னும் தயாராகவில்லை, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுத் தடுக்கப்போகிறேன் என்கிறாள். மூத்தவள், அப்பாவும் லிஸ்ஸும் முத்தமிடுவதைப் பார்த்துவிட்டு, அம்மாவை அவசரமாக அனுப்பப் பார்க்கிறார்களோ என்று சந்தேகப்படுகிறாள். எனக்குப் பிறகு அவரைப் பார்த்துக்கொள் என்று லிஸ்ஸிடம் கேட்டதே தான்தான் என்று லில்லி சொல்லும்போதுதான் அந்த முடிச்சு அவிழ்கிறது.

இந்தப் படத்தை நான் வெறும் கதையாகப் பார்க்க முடியவில்லை. லில்லிக்கு வந்த அதே நோய்தான் எங்கள் அப்பாவுக்கும் வந்தது.

2014-ல் உலகமெல்லாம் தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டி வீடியோ போட்டார்களே, அது இந்த நோய்க்காகத்தான். எங்கள் பள்ளிக்கூடத்துப் பையன்களும் செய்தார்கள். எதற்காக என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது. மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைகளை இயக்குகிற நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். கை, கால், நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சுத் தசை. பெரும்பாலானவர்களுக்குப் புத்தி தெளிவாகவே இருக்கும், கண் அசைவும் கடைசி வரை நிற்கும். பலர் மூன்று முதல் ஐந்து வருடம் வரை இருப்பார்கள். குணமாக்கும் மருந்து இல்லை. ரிலுசோல் என்ற மாத்திரை சில மாதங்களைக் கூட்டித் தரும், அவ்வளவுதான்.

குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. அப்பாவே பால் வெட்டுவார், கூலிக்கு ஆள் வைத்ததில்லை. ரப்பர் மரத்தின் பட்டையில் பால் ஓடுகிற அடுக்குக்கும் தடிக்கும் நடுவே மெல்லிய ஒரு பச்சைத் தோல் இருக்கும். கத்தி அதைத் தொடவே கூடாது. பால் அடுக்கைச் சீவி, அந்தத் தோலுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிற்க வேண்டும். தொட்டுவிட்டால் அந்த இடத்தில் மரம் முண்டு போட்டு வீங்கும், பிறகு பட்டை மறுபடி வளர்ந்தாலும் அங்கே வெட்ட முடியாது. அப்பா வெட்டிய மரங்களில் ஒரு முண்டு இருக்காது. மற்ற தோட்டக்காரர்கள் தங்கள் பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்து அப்பாவின் வெட்டைக் காட்டுவார்கள். 2015 மழைக்காலம் முடிந்து வெட்டத் தொடங்கியபோது, காயம் விழ ஆரம்பித்தது. முதலில் கத்தியைக் குறை சொன்னார், தீட்டிக்கொண்டு வந்தார். பிறகு இருட்டில் வெட்டத் தலையில் மாட்டுகிற ஹெட்லைட்டை மாற்றினார். ஒருநாள் விடிந்தபின் என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போய், ஒவ்வொரு மரமாக விரல் வைத்துக் காட்டினார். “பாரு மக்ளே, இது போன வாரம். இது முந்தாநாள். கை சொன்னது கேக்க மாட்டேங்குது.” பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உள்ள சதை வற்றி, அங்கே ஒரு குழி விழுந்திருந்தது. டாக்டர்களுக்கு முன்னால் அந்த மரங்கள்தான் நோயைக் கண்டுபிடித்தன.

திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி நரம்பு டெஸ்ட் எடுத்தார்கள். ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் அண்ணனைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். அண்ணன் குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தான். அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன், அப்பாவும் பார்த்தார். அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, “டாக்டரே, ரோகம் எனிக்கல்லே? என்னோடு பறஞ்ஞால் மதி” என்றார். நோய் எனக்குத்தானே, என்னிடம் சொன்னால் போதும் என்று. கோபமாகச் சொல்லவில்லை, சந்தையில் ரப்பர் ஷீட்டுக்கு விலை கேட்கிற குரலில்தான் கேட்டார். டாக்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அண்ணனை விட்டு அப்பாவுக்கு நேராகத் திரும்பி மலையாளத்தில் முழுவதையும் சொன்னார். என்ன நோய், எப்படிப் போகும், எது முடியும், எது முடியாது, எல்லாம். அந்த டாக்டருக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமி, அப்பாவின் அக்கா, எங்களைப் பிடித்துக்கொண்டாள். “அவன்கிட்ட எதுக்குளா சொன்னிய? நெஞ்சு வெடிச்சுச் செத்துருவான்லா” என்று அழுதாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். புற்றுநோய்க்கு திருவனந்தபுரம் ஆர்.சி.சி. ஆஸ்பத்திரிக்கோ நெய்யூர் ஆஸ்பத்திரிக்கோ மாதக்கணக்கில் போய் வருகிறவர்களுக்கே, ‘வயித்துல புண்ணு’ என்று சொல்லி வைத்திருக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். நோயாளிக்கும் தெரிந்திருக்கும். தெரியும் என்று காட்டினால் பிள்ளைகள் நொறுங்கிப்போவார்களே என்று அவரும் நடிப்பார். இரண்டு பக்கமும் நடித்துக்கொண்டே அடக்கம் வரைக்கும் போய்விடும். வீடு யாருக்கு, கடன் யாருக்கு, யாரை மன்னிக்க வேண்டும், எந்தக் கோயில் கல்லறையில் வைக்க வேண்டும், ஒன்றும் பேசியிருக்க மாட்டார்கள்.

படத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது லில்லி குடிக்கிற மருந்து இல்லை. அதற்கு முன்னால் அந்த வீட்டில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது என்பதுதான். சாப்பாட்டு மேசையில் சாவைப் பற்றிப் பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், சிரிக்கிறார்கள். எப்போது சாவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டுமா வேண்டாமா என்று நம்மூரில் விவாதம் நடத்துகிறோம். உனக்கு என்ன நோய், உனக்கு என்ன வேண்டும் என்று நோயாளியிடம் கேட்கிற இடத்துக்கே பல வீடுகள் இன்னும் வரவில்லை. கேட்காத வீட்டில் எந்தத் தேர்வுக்கும் அர்த்தமில்லை.

அதே நேரம், படம் முடிகிற இடத்தில்தான் எங்கள் வீட்டில் கதை தொடங்கியது. லில்லி தடுமாறியாவது மாடிப்படி இறங்குகிறாள், மது அருந்துகிறாள், மகள்களைக் கட்டிப்பிடிக்கிறாள். அவள் எதற்குப் பயப்படுகிறாளோ அதைப் படம் காட்டவே இல்லை. நாங்கள் அதில்தான் வாழ்ந்தோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். எச்சிலை விழுங்க முடியாது, சக்‌ஷன் மிஷினால் உறிஞ்ச வேண்டும். தலை நிற்காது. ஆளைக் கூப்பிட வாயும் இல்லை, மணியடிக்கக் கையும் இல்லை. இடது கால் கட்டைவிரலில் மட்டும் அசைவு மிச்சம் இருந்தது. அதில் ஒரு கயிறு கட்டி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்ட சின்ன மணியோடு சேர்த்தோம். அம்மா எந்தத் தூக்கத்திலும் அந்த மணிக்கு எழுந்துவிடுவாள். இதையெல்லாம் பார்த்தபின்தான் லில்லியின் பயத்தை எடை போட முடியும். அதே அளவுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மாதங்களில் அப்பா சிரித்ததும் உண்டு. கட்டன் காப்பியைப் பஞ்சில் நனைத்து நாக்கில் தொட்டால் கண்ணை மூடி அனுபவிப்பார். பேரனுக்கு எட்டாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்ததும் படுக்கையிலிருந்துதான். லில்லி இழந்தது என்ன என்பதையும் படம் காட்டவில்லை.

ஒக்கி புயல் வந்தபோது, 2017 நவம்பர் 30, அப்பா ராத்திரிகளில் பைபாப் மிஷினில் இருந்தார். மூக்கையும் வாயையும் மூடுகிற முகமூடி வழியாக அது காற்றைத் தள்ளும். விடியற்காலையிலிருந்தே காற்று. ரப்பர் மரங்கள் பாதியில் முறிகிற சத்தம் துப்பாக்கி வெடிக்கிற மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. கரண்ட் கம்பம் வரிசையாகச் சாய்ந்தது. ரோடு முழுக்க மரம், ஆம்புலன்ஸ் வர வழியில்லை, போனும் இல்லை. இன்வெர்ட்டர் நள்ளிரவு தாண்டி நின்றுபோனது. மல்லாந்து படுத்தால் அப்பாவுக்கு மூச்சு ஏறாது. அம்மா கட்டிலில் ஏறி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அப்பாவைத் தன் நெஞ்சில் சாய்த்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். அவர் மூச்சு இழுக்கும்போது அவளும் இழுப்பாள், விடும்போது விடுவாள். மண்ணெண்ணெய் விளக்கில் நானும் என் வீட்டுக்காரரும் மாறி மாறி விசிறினோம். மறுநாள் மதியம் மைக் செட்காரர் ஒருவர் தன் ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு, விழுந்த மரங்களைத் தாண்டி இரண்டு பையன்களோடு வந்து சேர்ந்தார். பைக்குகளிலிருந்து பெட்ரோல் உறிஞ்சி ஓட்டினோம். எங்கள் ஊருக்குக் கரண்ட் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. கடற்கரை ஊர்களில் அந்த வாரம் எத்தனை வீடுகளில் ஆள் திரும்பவே இல்லை. அதை நினைத்தால் எங்கள் கஷ்டத்தைக் கஷ்டம் என்று சொல்ல நாக்கு கூசுகிறது.

அந்த ராத்திரிக்குப் பிறகு அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். முகமூடி போதாமல் போகும்போது தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் இறக்கி, நாள் முழுக்க வென்டிலேட்டரில் வைக்கலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அப்பா குழறிய குரலில் சொன்னார்: “கரண்டை நம்பி உயிரைப் பிடிச்சுகிட்டுக் கெடக்க முடியாது மக்ளே. முகமூடி வரைக்கும் போதும்.”

அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. என்ன செலவானாலும் நான் அனுப்புகிறேன், நல்ல ஜெனரேட்டர் வாங்குவோம், ஹோம் நர்ஸ் வைப்போம் என்றான். ஸ்டீபன் ஹாக்கிங்கைக் காட்டினான். 1963-ல் 21 வயதில் இந்த நோய் வந்தவர். 1985-ல் நிமோனியா வந்தபோது வென்டிலேட்டரை நிறுத்திவிடலாமா என்று டாக்டர்கள் கேட்டதற்கு அவர் மனைவி மறுத்துவிட்டார். அதன் பிறகு தொண்டையில் குழாய் வைத்து எத்தனை வருடம் வாழ்ந்தார், எத்தனை புத்தகம் எழுதினார் என்றான். அவன் சொன்னதும் சரிதான். ஐ.சி.யூ.வில் வருடக்கணக்கில் வேலை பார்த்த தங்கச்சியோ நேர் எதிர். “ஒரு தடவை மாட்டிட்டா கழட்டுறது யாரு? நீ கழட்டுவியா அண்ணா?” என்று வீடியோ காலில் கத்தினாள். படத்தில் அக்காவும் தங்கச்சியும் மோதிக்கொள்ளும் இடத்தில் நான் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத்தான் மறுபடி பார்த்தேன். யார் அம்மாவை அதிகம் நேசிக்கிறார்கள் என்ற போட்டியாகத்தான் அங்கேயும் அது மாறுகிறது.

2018 தொடக்கத்தில் அப்பாவின் பேச்சு முழுவதும் நின்றுவிட்டது. நான் தமிழ் டீச்சர். சார்ட் பேப்பரில் ஒரு எழுத்துப் பலகை செய்தேன். முதல் வரிசை உயிர், அடுத்து வல்லினம், மெல்லினம், இடையினம். நான் வரிசையின் பெயரைச் சொல்லிக்கொண்டே வருவேன், வேண்டிய வரிசையில் அவர் கண் சிமிட்டுவார். பிறகு அந்த வரிசையில் ஒவ்வொரு எழுத்தாகத் தொடுவேன். மெய்யெழுத்து மட்டும் போதும், கொம்பும் காலும் நானே ஊகித்துப் போட்டுக்கொள்வேன். இரண்டாம் நாளே ஐந்தாவது வரிசை சேர்க்க வேண்டியதாயிற்று. ஷ இல்லாமல் ஷீட் எப்படிச் சொல்வார், ஜ இல்லாமல் ஜெபம் எப்படிச் சொல்வார்? எட்டாம் வகுப்பு வரை படித்தவர் அப்பா. அந்தப் பலகையில் அவர் முதலில் கேட்டது ஒட்டுப்பால், அதாவது காய்ந்து ஒட்டிய ரப்பர்ப் பால், விற்ற காசு வந்ததா என்று.

அந்த மார்ச் மாதம் ஒரே வாரத்தில் இரண்டு செய்திகளை அவருக்குப் படித்துக் காட்டினேன். மார்ச் 9-ஆம் தேதி, தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு, கௌரவமாகச் சாவதும் வாழும் உரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. குணமாக வழியில்லாத நிலையில் உயிர்காக்கும் கருவிகள் வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றது. ‘காமன் காஸ்’ என்ற அமைப்பு 2005-ல் போட்ட வழக்கு அது. மார்ச் 14-ஆம் தேதி ஹாக்கிங் இறந்துபோனார். அப்பா இரண்டாவது செய்திக்குக் கண்ணை மூடிக்கொண்டார். முதல் செய்தியை மறுபடி படிக்கச் சொன்னார்.

பிறகு பலகையைக் கேட்டு, தொண்டைக் குழாய் வேண்டாம் என்பதை எழுத்துக்கூட்டிச் சொன்னார். நான் கேட்டேன்: “எங்களுக்குக் கஷ்டம்னு நினைச்சா சொல்றீங்க, இல்ல உங்களுக்கே வேண்டாமா?” பதில் வர நேரம் ஆனது. இடையினம், ர. வல்லினம், ட. ரெண்டும்.

அந்தப் பதிலை நான் பொய்யாக்க விரும்பவில்லை. நோயாளி தனக்காகத் தனியே முடிவெடுக்கிறார், அதில் பிறர் கஷ்டம் கலக்கவே கூடாது என்று சட்டப் புத்தகத்தில் வேண்டுமானால் எழுதலாம். நாற்பது வருடம் அம்மாவோடு வாழ்ந்த மனிதரால் அம்மாவின் முதுகுவலியை நினைக்காமல் எப்படி முடிவெடுக்க முடியும்?

ஆனால் இதில்தான் ஆபத்தும் இருக்கிறது. விருதுநகர்ப் பக்கம் நடந்ததாகச் சொல்லப்படும் தலைக்கூத்தல் பற்றி எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம். படுக்கையில் விழுந்த பெரியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துக் கதையை முடிப்பது. பிரியா கிருஷ்ணசாமி எடுத்த ‘பாரம்’ அதைப் பற்றித்தான். 2018-க்கான சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது பெற்றது. அங்கே யாரும் பெரியவரிடம் கேட்பதில்லை. லில்லிக்குக் கிடைத்த உரிமையைச் சட்டமாக்கி நம்மூரில் இறக்கினால், சொத்துப் பத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகள் அப்பாவைச் ‘சம்மதிக்க’ வைக்க எத்தனை நாளாகும் என்று நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. அதனால் லில்லி செய்ததை இங்கே அனுமதிக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவளைக் குற்றவாளி என்றும் சொல்ல முடியவில்லை. புறநானூற்றில் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அதாவது உண்ணாமல் உயிர்விட உட்கார்ந்தபோது, ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. புலவர்கள் சூழ உட்கார்ந்தான், நண்பர் பிசிராந்தையாருக்கு இடம் போட்டு வைத்துக் காத்திருந்தான். அவன் உட்கார்ந்தது நோயால் இல்லை, பிள்ளைகளோடு வந்த பகையால். வகுப்பில் அந்தப் பாட்டுகளை நடத்தும்போது இப்போதெல்லாம் லில்லியின் சாப்பாட்டு மேசை நினைவுக்கு வருகிறது.

அப்பாவுக்கு இருந்த ஒரே கலக்கம், இது தற்கொலையாகுமா என்பது. கத்தோலிக்கக் குடும்பம், தினமும் ஜெபமாலை சொல்கிற வீடு. ‘எங்கள் மரண வேளையிலும் வேண்டிக்கொள்ளும்’ என்று ஒரு ஜெபமாலைக்குள் ஐம்பத்து மூன்று தடவை கேட்கிற மனிதர். பங்குச் சாமியாரைக் கூப்பிட்டோம். அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்: 1957-லேயே போப் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) மயக்க மருந்து டாக்டர்களிடம் பேசும்போது, அசாதாரணமான கருவிகளால் உயிரை நீட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று சொல்லியிருக்கிறார். 1980-ல் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கையும் அதையே சொல்கிறது. விஷம் குடிப்பது வேறு, தாங்க முடியாத மருத்துவத்தை வேண்டாம் என்பது வேறு. அப்பா கால் விரலை அசைத்து மணியடித்தார். சாமியார் திடுக்கிட்டுப்போனார், அம்மா அவருக்கு விளக்கினாள்.

சட்டப்படி எழுதி வைக்கலாம் என்று குழித்துறையில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். 2018 தீர்ப்பின்படி இரண்டு சாட்சிகளோடு முதல்வகுப்பு மாஜிஸ்திரேட்டும் கையெழுத்துப் போட வேண்டும். நடைமுறை யாருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் வெள்ளைத் தாளில் எழுதி, அப்பாவின் பெருவிரல் ரேகை வைத்து, குடும்ப டாக்டரும் சாமியாரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். கோர்ட்டில் அது செல்லுமோ என்னவோ, அண்ணன் அந்தத் தாளைப் படித்தபின் ஹாக்கிங் பெயரை எடுக்கவில்லை.

இப்போது வழி எளிதாகியிருக்கிறது. 2023 ஜனவரி 24-ல் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளைத் திருத்தியது. மாஜிஸ்திரேட் வேண்டாம், நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். நம் சார்பில் முடிவெடுக்க ஒன்றுக்கு மேற்பட்டவர்களைப் பெயர் குறித்து வைக்கலாம். நேரம் வரும்போது ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு டாக்டர் குழு, பிறகு இரண்டாவது குழு பார்த்து, 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல முயல வேண்டும். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். லில்லிக்கு அவள் கணவர் மருந்து ஏற்பாடு செய்தது போல இங்கே செய்தால் அது தற்கொலைக்கு உதவிய குற்றம்தான், புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவில் 108-ஆம் பிரிவு. சிகிச்சையை மறுக்கிற, நிறுத்துகிற உரிமை மட்டும்தான் நமக்கு உண்டு.

வலியைத் தணிக்கும் வைத்தியம் கிடைக்காவிட்டால் அந்த உரிமையும் பாதிதான். அம்மாவின் சொந்தக்காரர்கள் பாறசாலையில் இருக்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பஞ்சாயத்துப் பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கே வருவார். கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கிய வேலை அது, 2008-ல் கேரள அரசு கொள்கையாகவே அறிவித்தது. அப்பா படுத்திருந்த காலத்தில் எங்கள் பக்கம் அப்படி ஒன்றும் இல்லை, பழக்கமான ஒரு டாக்டரின் தயவில்தான் ஓட்டினோம். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இங்கேயும் வீடு தேடி வருகிறார்கள். படுக்கையில் ஆள் இருக்கிற வீட்டுக்காரர்கள் கேட்டு வாங்குங்கள்.

அப்பா 2018 அக்டோபரில் போனார். சளி கட்டி, முகமூடி போதாமல் ஆனது. தங்கச்சி வந்து சேர்ந்திருந்தாள். மூச்சுத் திணறல் தெரியாமலிருக்க டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக மார்ஃபின் கொடுத்தார். சாமியார் வந்து எண்ணெய் பூசி ஜெபிக்கிற நோயில் பூசுதல் நடந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோமா என்ற பேச்சே எழவில்லை. பேச வேண்டியதை எல்லாம் பேசியிருந்தோம்.

படம் பார்த்த மறுவாரம், நானும் வீட்டுக்காரரும் எங்களுக்கான தாளை எழுதினோம். என் வீட்டுக்காரர் நோட்டரியிடம் வர ஒப்புக்கொண்டிருக்கிறார், கிறிஸ்துமஸ் கழியட்டும் என்கிறார். அம்மாவிடமும் கேட்டேன். அப்பாவை அப்படிப் பார்த்தவள், அவரைப் போலவே சொல்லுவாள் என்று நினைத்துக்கொண்டு பேனாவும் தாளுமாக உட்கார்ந்தேன். அம்மா பயறு உடைத்துக்கொண்டே சொன்னாள்: “எனக்கு எல்லாம் செய்யணும். குழாயும் போடணும், மிஷினும் வைக்கணும். உங்க அப்பாவுக்குப் போதும்னு தோணிச்சு, எனக்கு இன்னும் போதும்னு ஆகல. பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டு போங்க.” அப்படியே எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கி, அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன்.